மண்டை ஓடுகளை வாங்கலாம், பலகையைத் தூக்கிப் போடுங்கள்

மனிதப் பரிணாமம் என்று சொல்லி ஐந்து மண்டை ஓட்டு வார்ப்புகள், ஒரு மரப்பலகை, ஒரு சின்னக் கையேடு எல்லாம் சேர்த்து ஒரே பெட்டியில் விற்கிறார்களே, அந்த செட்டைப் பற்றித்தான் இது. விற்றவர் பெயர் வேண்டாம், ஏறக்குறைய இதே செட்டை இன்னும் சிலரும் விற்கிறார்கள். எல்லாம் ரெசின், எல்லாம் நிஜ அளவு. சிம்பன்சி, அப்புறம் மனிதக் கிளையில் வந்து மறைந்துபோன மூன்று இனங்களான ஆஸ்ட்ரலோபிதிகஸ் அஃபாரென்சிஸ், ஹோமோ எரக்டஸ், நியண்டர்தால், கடைசியாக நாம். ஓடுகள் அருமை. ஆனால் பலகையும் கையேடும் அந்த ஓடுகள் சொல்வதற்கு நேர் எதிராகப் பேசுகின்றன.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். சிம்பன்சியின் வாயை மூடிப் பாருங்கள். மேல்தாடையில் வெட்டுப்பல்லுக்கும் கோரைப்பல்லுக்கும் நடுவே ஒரு இடைவெளி இருக்கிறது, கீழ்க் கோரைப்பல் சரியாக அதற்குள் போய் உட்காருகிறது. மட்டமான வார்ப்பு என்றால் அந்த இடத்தில் ரெசின் அடைத்துக்கொண்டு வாயே மூடாது, இதில் சுத்தமாக விட்டிருக்கிறார்கள். நியண்டர்தால், பிரான்சில் லா ஃபெராசியில் 1909இல் கிடைத்த ஆணின் வார்ப்பு. முன்பற்கள் சாய்வாகத் தேய்ந்திருப்பதுகூட அப்படியே வந்திருக்கிறது. பல்லால் எதையோ கவ்விப் பிடித்து வேலை செய்ததால் வந்த தேய்மானம் என்று ஆய்வாளர்களில் பலர் கருதுகிறார்கள். பின்மண்டையில் கொண்டை போட்ட மாதிரி எலும்பு பிதுங்கி நிற்பதை விரலால் தடவிப் பார்க்கலாம், படத்தில் அது புரியவே புரியாது.

கொடுத்த காசுக்கு மதிப்பு எங்கே என்று கேட்டால், ஓடுகளைக் கவிழ்க்கும்போதுதான். மூளையிலிருந்து தண்டுவடம் இறங்கும் பெரிய துளை அடியில் இருக்கும். சிம்பன்சிக்கு அது பின்பக்கமாக ஒதுங்கியிருக்கிறது. நமக்கு ஏறத்தாழ நடுவில், ஏனென்றால் நம் தலை முதுகெலும்பின் உச்சியில் நேராக உட்கார்ந்திருக்கிறது. இப்போது அஃபாரென்சிஸை எடுத்துத் திருப்பினால் துளை நம்முடையதைப் போல முன்னுக்கு வந்திருக்கிறது, ஆனால் நிமிர்த்தி மண்டையின் அளவைப் பார்த்தால் சிம்பன்சியைவிடக் கொஞ்சம்தான் பெரிது. சிம்பன்சியின் மூளை 400 கன செ.மீ.யை ஒட்டி, இதற்கு 450 வாக்கில், அவ்வளவுதான். அதாவது நிமிர்ந்து நடந்தது முதலில், மூளை பெருத்தது ரொம்பப் பிறகு. தான்சானியாவின் லயட்டோலியில் சுமார் 36 லட்சம் வருடங்களுக்கு முன் எரிமலைச் சாம்பலில் பதிந்த காலடித் தடங்களும் இதையேதான் சொல்கின்றன. (ஓட்டுக்குள் கடுகைக் கொட்டி அளந்து பார்க்கலாம் என்று ஆசைப்படாதீர்கள், ரெசின் சுவரின் தடிமன் எலும்பின் தடிமன் இல்லை.) ஒரு காலத்தில் அறிஞர்களே இதை மாற்றி, மூளை பெருத்ததுதான் முதலில் என்று நம்பினார்கள். 1912இல் இங்கிலாந்தில் பில்ட்டவுன் மனிதன் என்று பெரிய மண்டையும் குரங்குத் தாடையும் உள்ள ஒன்றைக் காட்டியபோது பலர் அதை ஏற்றுக்கொண்டதற்கு அந்த நம்பிக்கையும் ஒரு காரணம். மனித மண்டையையும் ஒராங்குட்டான் தாடையையும் சேர்த்துச் செய்த மோசடி அது, அம்பலமானது 1953இல்.

சரி, பலகைக்கு வருவோம். ஒரே நேர்கோட்டில் ஐந்து குழிகள், கீழே 1 முதல் 5 வரை எண்கள், எண்களுக்கு நடுவே அம்பு. 1 என்பது சிம்பன்சி. சிம்பன்சி நம் மூதாதையே இல்லை! அதன் வழியும் நம் வழியும் 60, 70 லட்சம் வருடங்களுக்கு முன்னால் ஒரு பொது மூதாதையிடமிருந்து பிரிந்தவை, அதற்கப்புறம் நாம் மாறிய காலம் முழுக்க அதுவும் தன் வழியில் மாறிக்கொண்டேதான் வந்தது. குரங்கிலிருந்து மனிதன் வந்தான் என்றால் குரங்கு ஏன் இன்னும் இருக்கிறது என்று கேட்பார்களே, அந்தக் கேள்விக்குத் தாய்வீடே இப்படிப்பட்ட பலகைதான். 4லிருந்து 5க்கும் ஒரு அம்பு. நியண்டர்தால் நமக்குப் பாட்டன் இல்லை, பங்காளி. மொராக்கோவின் ஜெபல் இர்ஹூதில் கிடைத்த நம் இனத்தின் ஆரம்பகால எலும்புகளுக்கு வயது சுமார் 3 லட்சம் வருடம், அந்தக் காலத்திலேயே ஐரோப்பாவில் நியண்டர்தால்களின் கிளை தனியாக வளர்ந்துகொண்டிருந்தது. பிறகு இரண்டும் சந்தித்துக் கலந்தும்விட்டன, ஆப்பிரிக்காவுக்கு வெளியே வேர்விட்ட மக்களின் மரபணுவில் சுமார் 1 முதல் 2 சதவீதம் இன்றும் அவர்கள் கொடுத்தது. பிரிந்து போய், திரும்பி வந்து, பிள்ளையும் பெற்ற கதையை ஒற்றை அம்பில் எப்படிக் காட்டுவது?

என்னிடம் தனியாக வாங்கிய பாராந்த்ரோபஸ் பாய்சி ஓடு ஒன்று இருக்கிறது, 1959இல் ஆய்வாளர் மேரி லீக்கி தான்சானியாவின் ஓல்டுவாயில் கண்டெடுத்ததன் வார்ப்பு. மெல்லும் தசை ஏறிப் பிடித்துக்கொள்ள உச்சந்தலையில் ஒரு எலும்பு முகடு, அதன் கடைவாய்ப்பல்லுக்கு முன்னால் நம்முடையது ஒன்றுமே இல்லை. ஹோமோ எரக்டஸ் வாழ்ந்த அதே கிழக்கு ஆப்பிரிக்காவில், அதே காலத்தில் வாழ்ந்து, வாரிசு இல்லாமல் போய்விட்ட இனம். இதை இந்தப் பலகையில் எங்கே வைப்பது? 2003இல் இந்தோனேசியாவின் ஃபுளோரெஸ் தீவில் கண்டெடுத்த குள்ள மனிதர்களுக்கும் இடமில்லை. அவர்கள் மூளை கிட்டத்தட்ட சிம்பன்சி அளவு, வாழ்ந்ததோ சுமார் 50 ஆயிரம் வருடங்களுக்கு முன்பு வரை. வரிசையில் நிற்க மாட்டேன் என்பவர்களை எல்லாம் வெளியே தள்ளிவிட்டால் வரிசை அழகாகத்தான் இருக்கும்.

கையேடும் அதே பாட்டைத்தான் பாடுகிறது. மூளை படிப்படியாகப் பெருத்துக்கொண்டே வந்ததாம். அவர்களே கொடுத்த லா ஃபெராசி ஆணின் மூளை 1600 கன செ.மீ.க்கு மேல், இன்றைய மனிதரின் சராசரி 1350 வாக்கில், கடைசிப் படியில் இறங்குகிறதே ஐயா! எரக்டஸ் ஓடு 1984இல் கென்யாவில் கிடைத்த துர்கானா சிறுவனுடையது. சிறுவன் என்று கையேட்டில் ஒரு இடத்திலும் இல்லை. புருவ மேடு வயதோடு தடிக்கக்கூடியது, அந்தச் சிறுவனையும் வளர்ந்த நியண்டர்தாலையும் பக்கத்தில் வைத்து எதன் புருவம் பெரியது என்று பயிற்சிக் கேள்வி கேட்கிறார்கள். அஃபாரென்சிஸ் ஓட்டில் லூசி என்று ஒட்டியிருக்கிறது. 1974இல் எத்தியோப்பியாவில் கிடைத்த லூசியின் எலும்புக்கூட்டில் சுமார் 40 சதவீதம் இருக்கிறது என்றாலும், தலையைப் பொறுத்தவரை கீழ்த்தாடையும் சில துண்டுகளும்தான். இந்த முழு முகம் அதே இனத்தின் வேறு எலும்புகளைப் பார்த்து நிரப்பியது. நிரப்புவதில் தப்பில்லை, நிரப்பினோம் என்று ஒரு வரி எழுதியிருக்கலாம்.

ஓடுகளுக்கு ஐந்துக்கு நாலரை, கையேட்டுக்கு ஒன்று, பலகைக்குப் பூஜ்யம். வாங்குகிறவர்கள் எந்தப் புதைபடிவத்தின் வார்ப்பு, அதன் பதிவு எண் என்ன என்று முதலில் கேளுங்கள் (துர்கானா சிறுவனுக்கு கேஎன்எம்-டபிள்யூடி 15000). எண் சொல்லத் தெரியாவிட்டால், அது யாரோ படத்தைப் பார்த்துச் செதுக்கியதாக இருக்கலாம். கீழ்த்தாடைகள் தனித்தனியாக வருகின்றன, கையில் எடுக்கும்போது கழன்று விழும், ஒரு ரப்பர் பேண்ட் போட்டு வையுங்கள்.