ஆர்எக்ஸ் 100 பிளாக் போரிங்: கணபதி லேத் பட்டறையில் என் அனுபவம்

கோயம்புத்தூர் கணபதியில், சத்தி ரோட்டிலிருந்து உள்ளே பிரியும் ஒரு சந்தில், பெயர்ப் பலகைகூட இல்லாத ஒற்றை ஷட்டர் பட்டறை அது. என் யமஹா ஆர்எக்ஸ் 100 பைக்கின் பிளாக்கை, அதாவது பிஸ்டன் ஓடும் சிலிண்டரை, போரிங் போட (உள்துளையைக் கடைந்து பெரிதாக்க) நீட்டியதும் பட்டறை அண்ணன் கேட்ட முதல் கேள்வி, "பிஸ்டன் எங்கீங்க தம்பி?" இன்னும் வாங்கவில்லை என்றேன். "அப்ப பிளாக்க எடுத்துட்டுப் போங்க, பிஸ்டனோட வாங்க." அவ்வளவுதான், அடுத்த வேலைக்குத் திரும்பிவிட்டார். அந்த ஒரு பதிலிலேயே எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது.

ஏன் என்றால் முதல் தடவை வேறொரு இடத்தில் 0.25 ஓவர்சைஸுக்கு (போரை, அதாவது உள்துளையை, 0.25 மில்லிமீட்டர் பெரிதாக்க) கொடுத்து அடிபட்டவன் நான். அங்கே பிஸ்டனைக் கேட்கவே இல்லை, காலையில் கொடுத்த பிளாக் சாயங்காலமே தயார். 120 கிலோமீட்டர்கூட ஓடியிருக்காது, அவிநாசி ரோட்டில் நீலம்பூர் பக்கம் போகும்போது பின்சக்கரம் அப்படியே பூட்டிக்கொண்டது. சட்டென்று கிளட்ச் பிடித்ததால்தான் விழவில்லை. பிரித்துப் பார்த்தால் பிஸ்டன் ஸ்கர்ட்டில் (பிஸ்டனின் அடிப்பக்கச் சுவரில்) நான்கு இடத்தில் ஒரே மாதிரி உரசல். பிஸ்டனுக்கும் போருக்கும் இடைவெளி போதாமல் பிடித்தால் இப்படித்தான் நான்கு மூலையிலும் தேய்ந்து வரும். அலுமினியப் பிஸ்டன் சூட்டில் சிலிண்டருக்குள் உறையாக இருக்கும் வார்ப்பிரும்பு லைனரைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும், இடம் இல்லை என்றால் அது எங்கே போகும்?

இந்தக் கதையைச் சொன்னதும் பட்டறை அண்ணன் அந்த பிளாக்கைப் போர் கேஜ் (உள்துளையை அளக்கும் கருவி) விட்டு அளந்து காட்டினார். பழைய பிஸ்டனில் உரசாத இடமாகப் பார்த்து மைக்ரோமீட்டர் வைத்தார். இடைவெளி 15 மைக்ரான்தான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் ஒரு மைக்ரான்), அதுவும் மேலே ஓர் அளவு, கீழே ஓர் அளவு. பிஸ்டனை அளக்காமல், அதன் பெட்டியில் போட்டிருக்கும் அளவை வைத்துப் போர் போட்டால் இப்படித்தான் ஆகும் என்றார்.

நான் 1.00 ஓவர்சைஸ் கேட்டுத்தான் போயிருந்தேன். செட்டிபாளையம் ரேஸ் டிராக்கில் ஓட்டுவதற்காகக் கட்டும் வண்டி, போர்ட்டிங் (சிலிண்டர் சுவரில் காற்றும் புகையும் போய்வரும் வாயில்களை, அதாவது போர்ட்டுகளை, திருத்துவது) முடிந்தது, எக்ஸ்பான்ஷன் சேம்பர் (டூ ஸ்ட்ரோக்குக்கான, நடுவில் உப்பிய சைலன்சர் குழாய்) இருக்கிறது, கார்புரேட்டரும் ஒரு சைஸ் பெரியது, பிளாக்கையும் முடிந்தவரை பெரிதாக்கிவிடலாம் என்ற எண்ணம். 0.50 போதும் என்று அவர் மறுத்துவிட்டார். கணக்கு போட்டுப் பார்த்தால் அவர் சொன்னது சரி. ஆர்எக்ஸ் 100-க்கு போர் 50 மில்லிமீட்டர், ஸ்ட்ரோக்கும் 50, கொள்ளளவு 98 சிசி. 0.50 போட்டால் 100 சிசி, 1.00 போட்டாலும் 102-தான். அந்த 2 சிசிக்காக லைனரின் ஆயுளைத் தின்று விடுவது முட்டாள்தனம். டூ ஸ்ட்ரோக்கில் பவர் வருவது போர்ட்டிலும் சேம்பரிலும்தான், போரிங்கில் நமக்கு வேண்டியது துளை சரியான வட்டமாகவும் நேராகவும் இருப்பதுதான். இந்த வண்டியின் தயாரிப்பு 1996-லேயே நின்றுபோனது, நல்ல ஒரிஜினல் பிளாக் இன்று தேடினாலும் கிடைப்பது கஷ்டம். 0.50-இல் நிறுத்தியதால் 0.75, 1.00 என்று இன்னும் இரண்டு வாய்ப்பு கையில் இருக்கிறது.

பிஸ்டனோடு திரும்பிப் போய்க் கொடுத்தேன், மெஷினில் ஏற்றிய அன்று பக்கத்திலேயே நின்று பார்த்தேன். முதலில் பிளாக்கின் அடிப்பக்க முகத்தில் ஒட்டியிருந்த பழைய பேக்கிங்கைப் பிளேடால் சுரண்டினார், விரலால் தடவிப் பார்த்தார், இன்னும் ஒரு துணுக்கு இருந்தது, அதையும் எடுத்த பிறகுதான் மெஷினில் ஏற்றினார். அந்த முகத்தில் ஒரு பிசிறு இருந்தாலும் போர் சாய்ந்துவிடும், பிஸ்டன் ஒரு பக்கமாகவே உரசிக்கொண்டு ஓடும். பிஸ்டனை ஸ்கர்ட்டின் அடியில், பிஸ்டன் பின் (pin) துளைக்குக் குறுக்காக மைக்ரோமீட்டரில் அளந்து, அந்த அளவைச் சாக்பீஸால் மெஷின் மேலேயே எழுதி வைத்துக்கொண்டார். டிராக்கில் முழு திராட்டிலில் காற்றுக் குளிர்ச்சி என்ஜின் சூடேறும் என்பதால் 50 மைக்ரான் இடைவெளி, ரோட்டில் மட்டும் ஓடும் வண்டி என்றால் இன்னும் கொஞ்சம் இறுக்கமாக வைப்பாராம். கடைசி 40 மைக்ரானை ஹோனிங்குக்கு (கல்லால் தேய்த்துச் சரியான அளவுக்குக் கொண்டுவருவது) விட்டார். ஹோனிங்கில் நான்கைந்து தடவை கல்லை நிறுத்தி, பிளாக் ஆறும்வரை காத்திருந்து அளந்தார், சூட்டோடு அளந்தால் அளவு பொய் சொல்லும்.

அப்புறம் போர்ட் ஓரங்கள். போரிங் போட்டதும் எக்ஸாஸ்ட் போர்ட் ஓரம் கத்தி மாதிரி இருக்கும், பிஸ்டன் ரிங் அதில் மாட்டினால் கதை முடிந்தது. சின்ன அரத்தால் எல்லா ஓரத்தையும் மழுக்கி, என் விரலைப் பிடித்து உள்ளே விட்டுத் தடவச் சொன்னார். வழவழவென்று இருந்தது. முதல் இடத்தில் இதை யாருமே செய்யவில்லை. ரிங்கைத் தனியாகப் போருக்குள் விட்டு வாய் இடைவெளியையும் (ரிங்கின் இரு முனைகளுக்கு நடுவே உள்ள இடைவெளி) ஃபீலர் கேஜால் பார்த்துக் கொடுத்தார். வீட்டுக்குப் போய்ச் சோப்பும் வெந்நீரும் போட்டுக் கழுவு, பெட்ரோல் மட்டும் போதாது, வெள்ளைத் துணியால் துடைத்தால் சாம்பல் நிறம் வராதவரை கழுவு என்றார். மூன்று முறை கழுவிய பிறகுதான் துணி வெள்ளையாக வந்தது. உடனே 2டி (டூ ஸ்ட்ரோக்) ஆயில் தடவி வைத்தேன்.

குறை இல்லாமல் இல்லை. செவ்வாய்க்கிழமை தருகிறேன் என்றவர் வெள்ளிக்கிழமைதான் மெஷினில் ஏற்றினார். போன் எடுக்கவே மாட்டார், நேரில் போக வேண்டும், அதுவும் சாயங்காலம் 5 மணிக்கு மேல் கூட்டம். பணம் ரொக்கமாகத்தான். போரிங், ஹோனிங், போர்ட் ஓரம் எல்லாம் சேர்த்து 900 ரூபாய் ஆனது, மற்ற இடங்களைவிட 300 அதிகம். அந்த 300-ஐ மிச்சம் பிடிக்கப் போய்தான் முதலில் ஒரு பிஸ்டன் செட்டையும் ஒரு சைஸையும் இழந்தேன், அதனால் எனக்கு வருத்தம் இல்லை. அவசர வேலை என்றால் மட்டும் இங்கே போகாதீர்கள்.

இப்போது 700 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. முதல் 500-ஐ ஒரே வேகத்தில் பிடிக்காமல், திராட்டிலை ஏற்றி இறக்கியே ஓட்டினேன். கிக்கரை மிதிக்கும்போதே காலில் கம்ப்ரஷன் தெரிகிறது, காலையில் இரண்டாவது கிக்கில் பிடித்துக்கொள்கிறது. நேற்று சைலன்சரைக் கழற்றி, எக்ஸாஸ்ட் போர்ட் வழியாக டார்ச் அடித்துப் பார்த்தேன். ஸ்கர்ட்டில் ஒரு கோடுகூட இல்லை. கிக்கரைக் கையால் மெதுவாக அழுத்திப் பிஸ்டனை இறக்கினால், எதிர்ச் சுவரில் ஹோனிங் போட்ட குறுக்குக் கோடுகள் அப்படியே இருந்தன.