கியர் லிவரைச் சுற்றி வரும் சூடு: ரப்பரா, தகரமா, மேட்டா, பைப்புக்குச் சுற்றும் துணியா?

சாயல்குடியில் வாங்கிய கருப்பட்டியைக் கியர் லிவருக்குப் பின்னால் உள்ள பள்ளத்தில் வைத்துவிட்டு ராமேஸ்வரத்துக்குக் கிளம்பினேன். பாம்பன் பாலத்தில் வேடிக்கை பார்க்க ஆங்காங்கே வண்டிகளை நிறுத்தியிருந்தார்கள், நின்று நின்றுதான் நகர முடிந்தது. தங்கச்சிமடத்தில் டீக்கு இறங்கும்போது பார்த்தால், கருப்பட்டியின் அடிப்பக்கம் இளகித் தாளோடு ஒட்டிக் கிடந்தது. இடது கால் ஆடுசதையில் சூடு படுவது ரொம்ப நாளாகத் தெரிந்த விஷயம்தான். வெயில் ஊர், அப்படித்தான் இருக்கும் என்று விட்டிருந்தேன். அது தப்பு.

எங்களுடையது 2006 மாடல் டீசல் வண்டி. முன் சீட்டுகளுக்கு நடுவே தளம் மேடாக எழும்பியிருக்கும் இல்லையா, அந்த நடு மேட்டுக்கு நேர் கீழேதான் கியர் பாக்ஸ் இருக்கிறது, சைலன்சர் பைப் அதை ஒட்டியே பின்னால் போகிறது. பின் சக்கரம் இழுக்கிற பழைய வண்டிகள் பலவற்றிலும் இதே அமைப்புதான். இந்தச் சூட்டை அடக்க ஆளாளுக்கு ஒரு வழி சொல்வார்கள். நான்கை ஒப்பிட்டுச் சொல்கிறேன். மூன்றை என் வண்டியில் செய்தேன், நான்காவதை உறவுக்காரர் வண்டியில் பார்த்தேன்.

அதற்கு முன், சூடு எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடித்துவிடுங்கள். பொழுது சாய்ந்த பிறகு அரை மணி நேரம் ஓட்டுங்கள். அப்போது சூடு இல்லையென்றால் குற்றவாளி கண்ணாடி வழியாக வரும் வெயில், முன்பக்கக் கண்ணாடிக்கு ஒரு மறைப்பு போட்டாலே போதும். இரவிலும் சுட்டால் வண்டியை நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, நியூட்ரலில் இன்ஜின் ஓடட்டும். ஊதுபத்தியைக் கியர் உறையின் ஓரத்தில் பிடியுங்கள். புகை ஓரிடத்தில் சட்டென்று விலகினாலோ மேலே தள்ளப்பட்டாலோ அங்கே ஓட்டை இருக்கிறது. சூடு கியரைவிடக் கால் பாதத்தின் முன்பக்கம் அதிகமாக இருந்தால் ஹீட்டரைச் சந்தேகப்படுங்கள். நம் ஊரில் ஹீட்டரை யாரும் தொடுவதில்லை. அதனாலேயே அதன் வால்வு பாதி திறந்தபடி இறுகிப்போய், இன்ஜினிலிருந்து வரும் 90 டிகிரி சுடுதண்ணீர் டேஷ்போர்டுக்குள் சுற்றிக்கொண்டே இருக்கும்.

இன்னொன்று, இதை அலட்சியம் செய்யவே கூடாது. கியர் பக்கம் புகை வாடை அடித்தாலோ, ஓட்டும்போது தலை வலித்தாலோ, முதலில் எக்ஸாஸ்ட் கேஸ்கட்டையும் பைப் இணைப்புகளையும் பாருங்கள். பெட்ரோல் வண்டிப் புகையில் கார்பன் மோனாக்சைடு என்கிற விஷவாயு இன்னும் அதிகம், அதற்கு வாடையே கிடையாது. அந்தக் கசிவை அடைக்காமல் மேலே மேட் போடுவது உயிரோடு விளையாடுவது.

சரி, முதல் வழி ரப்பர். கியர் லிவருக்கு இரண்டு உறை உண்டு. மேலே நம் கண்ணுக்குத் தெரிகிற ரெக்ஸின் உறை வெறும் அழகுக்கு. அதைக் கழற்றினால் கீழே தடித்த ரப்பர் ஒன்று, தகர வளையமும் ஸ்க்ரூவும் போட்டு இறுக்கியிருக்கும். காற்றைத் தடுப்பது அதுதான். கீழக்கரைப் பட்டறையில் மெக்கானிக் காக்கா (அங்கே அண்ணனை அப்படித்தான் கூப்பிடுவார்கள்) அந்த ரெக்ஸினைத் தூக்கிக் காட்டினார். ரப்பரின் மடிப்புகள் அத்தனையும் வெடித்திருந்தன. ஒரு வெடிப்பில் என் சுண்டு விரல் உள்ளே போனது. மடிப்புக்குள் தனுஷ்கோடி மணல் அப்பிக் கிடந்தது. நான்கு ஸ்க்ரூ இருக்க வேண்டிய இடத்தில் இரண்டுதான். “கிளட்ச் வேலைக்கு கியர் பாக்ஸை எறக்கியிருக்காங்க தம்பி, ஏத்தும்போது மிச்சத்த போடாம விட்டுட்டாங்க” என்றார். அந்த வேலை நடந்து மூன்று வருஷம் ஆகிறது. வேறொரு பட்டறையில் செய்தது. மூன்று வருஷமாக இன்ஜின் அறையின் காற்று நேராக என் காலுக்கு வந்திருக்கிறது.

இதில் ஒரு சூட்சுமம் உண்டு. ஏசி இல்லாத வண்டியில் நான்கு கண்ணாடியையும் இறக்கி ஓட்டினால் குளிர்ச்சிதானே என்று நினைப்போம். வேகமாக ஓடும்போது ஜன்னல் வழியாகக் காற்று வெளியே இழுக்கப்பட்டு உள்ளே அழுத்தம் குறைகிறது. கீழே ஓட்டை இருந்தால் அந்த இடத்தை நிரப்ப அடியில் இருக்கும் சுடுகாற்று மேலே வரும். கிழக்குக் கடற்கரைச் சாலையில் கண்ணாடியை இறக்கினால் கால் இன்னும் சுட்டதற்கு இதுதான் காரணம். புது ரப்பரும் நான்கு ஸ்க்ரூவும் போட்ட அன்றே அந்தக் காற்று நின்றது. நான்கு வழிகளில் செலவு மிகக் குறைவானதும் இதுதான், என் வண்டியில் அதிகப் பலன் தந்ததும் இதுதான்.

ஆனால் ரப்பர் காற்றை மட்டும்தான் தடுக்கும். பைப்பிலிருந்து கதிராக அடிக்கிற சூட்டை அது தடுக்காது. புது ரப்பருக்குப் பிறகும் நடு மேட்டில் உள்ளங்கையை வைத்து இருபது எண்ண முடியவில்லை. அதற்குத்தான் இரண்டாவது வழி, தகரத் தடுப்பு. புது வண்டியில் பைப்புக்கும் தளத்துக்கும் நடுவே ஒரு மெல்லிய தகடு இருக்கும். நம் பக்கம் அது உப்புக் காற்றில் துருப்பிடித்து, கடகடவென்று ஆடி, யாரோ ஒரு நாள் சத்தம் பொறுக்காமல் பிடுங்கி எறிந்திருப்பார்கள். என் வண்டியிலும் போல்ட் ஓட்டைகள்தான் மிச்சம். பளபளப்பான அலுமினியத் தகடு தன்மேல் விழும் வெப்பக் கதிரில் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பிவிடும். ஆனால் பைப்பிலும் ஒட்டக் கூடாது, தளத்திலும் ஒட்டக் கூடாது. தளத்திலிருந்து ஒரு விரல் கனமாவது இடைவெளி வேண்டும். ஒட்டவைத்தால் சூடு தகடு வழியாக அப்படியே மேலே ஏறிவிடும்.

கடற்கரையில் அலுமினியத்துக்கு ஒரு கேடு உண்டு. இரும்போடு சேர்ந்து உப்பு ஈரத்தில் நனைந்தால் அரிக்கப்படுவது அலுமினியம்தான். என் தகட்டில் ஒரே மழைக்காலத்தில் போல்ட்டைச் சுற்றி வெள்ளைப் பொடி பூத்துவிட்டது. இப்போது அடியில் பெயின்ட் அடித்து, அகலமான வாஷர் போட்டு மாட்டியிருக்கிறேன். ஐப்பசி, கார்த்திகை மழை முடிந்ததும் படுத்துப் பார்த்து இறுக்கிக்கொள்கிறேன். அந்தக் கவனிப்புக்கு நேரம் இருந்தால் தகரம் நல்ல வழி. நடு மேட்டில் இப்போது கை தாராளமாக நிற்கிறது.

மூன்றாவது, கார்ப்பெட்டுக்கு அடியில் மேட். கடையில் கறுப்பாக, கனமாக விற்பது சத்தம் குறைக்கிற மேட். அதன் வேலை தகடு அதிராமல் பார்த்துக்கொள்வது, சூட்டைத் தடுப்பதல்ல. தார் கலந்த மலிவு ரகம் இளகி வாடை வேறு அடிக்கும். வாங்குவதானால் நீர் உறிஞ்சாத ஃபோமின் மேல் அலுமினியத் தாள் ஒட்டியதை வாங்குங்கள். அதையும் ரப்பர், தகரம் முடிந்த பிறகுதான் போட வேண்டும். சாக்கு, தேங்காய் நார் மேட் எதையும் அடியில் திணிக்காதீர்கள். கடல் பார்த்துவிட்டு ஈரக் காலோடு ஏறுகிறோம், அந்த உப்புத் தண்ணீரை அவை குடித்து வைத்துக்கொள்ளும், தளம் உள்ளிருந்தே துருப்பிடிக்கும். வெடித்த ரப்பர் வழியாகச் சாக்கு பைப் பக்கம் இறங்கினால் தீப்பிடிக்கவும் வாய்ப்பு உண்டு.

நான்காவதுதான் இப்போது எல்லோரும் கேட்கிற வழி, பைப்பையே கண்ணாடி நார்த் துணியால் சுற்றிவிடுவது. பந்தய வண்டிகளில் இது உண்மையிலேயே வேலை செய்கிறது. வெளியே வரும் சூட்டைக் குறைப்பதில் இதை மிஞ்ச மற்ற மூன்றாலும் முடியாது என்றுகூடச் சொல்வேன். ஆனால் மண்டபம், ஏர்வாடி மாதிரிக் கடலோர ஊர்களில் வண்டி வைத்திருப்பவருக்கு வேண்டாம். காற்றில் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு தானே ஈரத்தை இழுத்துக் கரையும். நம் கரையில் இரவில் அந்த அளவைத் தாண்டுவது சாதாரணம். துணிக்குள் போன உப்பு மழையே இல்லாமல் பைப்பை நனைத்து வைத்திருக்கும். மண்டபத்தில் சித்தப்பா மகன் தன் வண்டிக்குச் சுற்றியதை இரண்டு வருஷம் கழித்துப் பிரித்தோம். துணியோடு பைப்பின் மேல்தோலும் ஏடு ஏடாகக் கழன்று வந்தது. ஓரிடத்தில் ஸ்க்ரூ டிரைவர் நுனியே உள்ளே போனது. அந்த ஓட்டை இருந்தது முன் சீட்டுக்கு நேர் கீழே.

மதுரைப் பக்கம் உப்புக் காற்று படாமல் ஓடும் வண்டி என்றால் இந்த நான்காவதைப் பற்றி வேறு மாதிரி சொல்லியிருப்பேன். இங்கே நான் சொல்லும் வரிசை கசிவு, ரப்பர், தகரம், வேண்டுமானால் மேட். ஹீட்டர்தான் காரணம் என்று தெரிந்தால், வால்வு மாற்றும்வரை இன்ஜினிலிருந்து வரும் இரண்டு ஹோஸையும் ஒன்றோடொன்று இணைத்து ஹீட்டரை ஒதுக்கிவிடலாம். இரண்டையும் தனித்தனியாக அடைக்க வேண்டாம், சில இன்ஜின்களில் அந்தத் தண்ணீர் ஓட்டம் தேவைப்படும்.

போன வாரம் மறுபடி சாயல்குடி கருப்பட்டியை அதே பள்ளத்தில் வைத்து, அதே பாலத்தைத் தாண்டிப் போனேன். தங்கச்சிமடத்தில் எடுத்துப் பார்த்தேன், தாளில் ஒட்டவில்லை.