கோழி எருவும் ஈயும்: பல வருடம் மக்க வைத்துப் பார்த்ததில்

கோழி எச்சத்தைக் குவித்து மக்க வைக்கத் தொடங்கிப் பல வருடங்கள் ஆகின்றன. ஈத் தொல்லைக்கு என்ன செய்வது என்று யார் கேட்டாலும் நான் முதலில் சொல்வது ஈரத்தைப் பற்றித்தான். எச்சம் காய்ந்திருந்தால் ஈ முட்டை வைத்தாலும் புழு பிழைக்காது. ஈரம் தங்கினால் எந்த மருந்தும் கைகொடுக்காது.

புது எச்சத்தில் கிட்டத்தட்ட முக்கால் பங்கு தண்ணீர். வெக்கை நாட்களில் ஈ முட்டை ஒரே நாளில் பொரிந்து, 7 முதல் 10 நாளில் ஈயாகப் பறந்துவிடும். அதனால் வாரம் தவறாமல் எச்சத்தை வாரிவிடுகிறேன். அதைவிட முக்கியம், தண்ணீர் டப்பா கசிகிறதா என்று பார்ப்பது. டப்பாவுக்கு அடியில் கையளவு இடம் சொதசொதவென்று இருக்கும்; குச்சியால் கிளறினால் வெள்ளைப் புழு நெளியும். அரை அடி தள்ளிக் காய்ந்த இடத்தில் ஒன்றுகூட இருக்காது. கசிவை அடைத்தாலே கொட்டகையில் ஈ பாதியாகக் குறைந்ததைக் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

கோழி எச்சத்தில் தழைச்சத்து, அதாவது நைட்ரஜன், ரொம்ப அதிகம். கார்பன், நைட்ரஜன் விகிதம் 10:1 அளவில்தான் இருக்கும். நன்றாக மக்க 25:1 முதல் 30:1 வரை வேண்டும். கார்பனைக் கூட்டத்தான் ஒரு கூடை எச்சத்துக்கு இரண்டு கூடை சருகும் மரத்தூளும் சேர்க்கிறேன். மூக்கை எரிக்கும் வாடை வந்தால் இன்னும் சருகு போடுவேன். ஒரு பிடி எடுத்து அழுத்தினால் கை நனைய வேண்டும், தண்ணீர் சொட்டக் கூடாது.

குவியல் ஒரு மீட்டர் உயரமாவது இருந்தால் உள்ளே 55 முதல் 65 டிகிரி வரை சூடு ஏறும். அதில் முட்டையும் புழுவும் தப்பாது. ஆனால் மேல்புறம் அவ்வளவு சூடாகாது, ஈக்கு அதுதான் வசதி. புரட்டும்போது வெளியே இருந்ததை நடுவில் தள்ளி, உடனே நான்கு விரல் தடிமனுக்குச் சருகோ பழைய மக்கிய உரமோ போட்டு மூடிவிட வேண்டும். இந்த மூடாக்கை மட்டும் சோம்பல் பார்க்காமல் செய்யுங்கள். வளர்ந்த புழு கூடு கட்டக் காய்ந்த ஓரத்துக்கு ஊர்ந்து போகும். அங்கே பழுப்பு நிறக் கூடுகள் தெரிந்தால் கூட்டி எடுத்துச் சூடான நடுப்பகுதியில் புதைத்துவிடுவேன்.

பூச்சிமருந்தை எருவின் மேல் தெளிப்பதை நான் ஏற்க மாட்டேன். ஈ முட்டையைத் தின்னும் சிறு வண்டுகளும், கூட்டுப்புழுவைத் துளைத்து முட்டை வைக்கும் குட்டிக் குளவிகளும் அதில் செத்துப்போகும். அவற்றுக்காகவே கொட்டகையை ஒட்டச் சுரண்டாமல், காய்ந்த எச்சத்தை ஓரமாகக் கொஞ்சம் விட்டுவைக்கிறேன். சுண்ணாம்பும் வேண்டாம். தழைச்சத்து அமோனியாவாகக் காற்றில் போய்விடும்.

சூடு தணிந்து மண் வாசனை வந்த பிறகும் ஒரு மாதமாவது ஆறப்போட்டுத்தான் செடிக்குப் போடுகிறேன். பச்சை எச்சத்தில் சால்மோனெல்லா போன்ற கிருமிகள் இருக்கலாம் என்பதால், கீரைப் பாத்திப் பக்கம் அதைக் கொண்டு போவதே இல்லை.