ஆறு வருஷம் பையில் சுமந்த சில்லறைச் சாமான்கள்

“தம்பி, பாம் எத்தனை வச்சிருக்கே?”

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரத்துக்கு வந்த புதிதில், 2019இல், முதல் தடவை மலைப்பாதைக்குச் சைக்கிளை எடுத்துக்கொண்டு போன அன்று ஒரு பெரியவர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி இதுதான். கையில் போன். மறுமுனையில் திருப்பூரிலிருந்து அம்மா. ஸ்பீக்கர் வேறு போட்டிருந்தேன். அம்மாவிடமிருந்து கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

பாம் என்றால் இங்கே கார்பன் டை ஆக்சைடு குப்பி. கட்டைவிரல் பருமனில் ஒரு எஃகு உருளை, உள்ளே 16 கிராம் வாயு. வால்வில் மாட்டித் திருகினால் இரண்டு மூன்று நொடியில் டயர் எழுந்து நிற்கும். கேட்டவர் சாட்ஸ்வொர்த்காரர், டர்பனில் இந்திய வம்சாவளியினர் நிறைய வாழும் பகுதி அது. அவருடைய கொள்ளுத்தாத்தா கரும்பு வெட்டக் கப்பலேறி வந்தவர். அவருக்குத் தமிழ் நூறு, இருநூறு வார்த்தைதான் வரும், அதில் பாதி சமையல். ஆனால் ‘தம்பி’யை வேறு யாரும் அவ்வளவு அழகாகச் சொல்லிக் கேட்டதில்லை. அன்றிலிருந்து அவர் எனக்கு அண்ணன்.

கிபா கார்ஜ், ஹோவிக் பக்கம் கார்க்லூஃப் காடு, பாலிட்டோவுக்கு மேலே கரும்புக்காட்டுக்குள் ஓடும் ஹோலா டிரெயில்ஸ், வருஷத்துக்கு ஒன்றிரண்டு தடவை பீட்டர்மாரிட்ஸ்பர்க். ஆறு வருஷமாக வாரத்துக்கு ஒரு நாளாவது இந்தச் சைக்கிள் பாதைகளில் ஒன்றில் ஓட்டுகிறேன். முதல் வருஷம் முதுகுப்பையில் ஒரு மெக்கானிக் கடையையே சுமந்தேன். இப்போது எல்லாம் சேர்த்து முக்கால் கிலோகூட வராது. எதை வாங்கலாம் என்று சொல்ல நிறையப் பேர் இருக்கிறார்கள். வாங்கி வைத்தது பைக்குள்ளேயே என்ன கதியாகிறது என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. அதைத்தான் எழுதப் போகிறேன்.

முள்ளிலிருந்து ஆரம்பிக்கிறேன். இந்த நாட்டில் சைக்கிள்காரனின் முதல் எதிரி நமக்குப் பழகிய ஆள்தான்: நெருஞ்சி. ஆப்பிரிக்கான்ஸ் பேசுகிறவர்கள் அதற்கு ஒரு செல்லப் பெயர் வைத்திருக்கிறார்கள், டுவ்வல்கி. பெயர்தான் செல்லம். எப்படி விழுந்தாலும் ஒரு முள் மேலே பார்த்து நிற்கும். இதோடு வேல மரத்தின் ஜோடி ஜோடியான வெள்ளை முட்கள், விரல் நீளத்துக்கு. டியூப் போட்ட டயரோடு இங்கே ஓட்டினால் பாதி நாள் ஓரமாக உட்கார்ந்து பஞ்சர் ஒட்டத்தான் சரியாக இருக்கும். அதனால் எல்லாருமே டியூப்லெஸ். உள்ளே ஊற்றிய சீலன்ட் பால், நெருஞ்சி போட்ட ஓட்டையைச் சக்கரம் நாலு சுற்றுச் சுற்றுவதற்குள் அடைத்துவிடும்.

ஆனால் அந்தப் பால் காய்ந்துபோகும். டர்பன் வெக்கையில் என் டயரில் மூன்று மாதம் தாண்டியதே இல்லை. சைக்கிளைப் படுக்கப் போட்டு மெல்ல ஆட்டினால் ‘களக் களக்’ என்று கேட்க வேண்டும். கேட்காவிட்டால் உள்ளே திரிந்த பால்கோவாதான் இருக்கிறது.

சீலன்ட்டால் முடியாத ஓட்டைக்குப் பிளக். பிசின் தடவிய புழு மாதிரி ஒரு ரப்பர் திரி, அதைக் குத்தி இறக்க ஒரு கம்பி. இந்த ஆறு வருஷத்தில் என்னை அதிகத் தடவை வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்த்த சாமான் இதுதான். முதல் தடவை நான் செய்த தப்பு, முள்ளைப் பார்த்ததும் பிடுங்கியது. ‘புஸ்ஸ்’ என்று காற்றும் பாலும் சேர்ந்து முகத்தில் அடித்தது. பிறகு பைக்குள் பிளக்கைத் தேடித் திரியைக் கோத்து முடிப்பதற்குள் டயர் சப்பையாகிவிட்டது. இப்போது முள் இருந்த இடத்திலேயே இருக்கட்டும் என்று விட்டுவிடுகிறேன். முதலில் திரியைக் கம்பியில் கோத்துக்கொள்வது. சக்கரத்தைச் சுற்றி ஓட்டையைக் கீழே கொண்டுவந்தால் பால் அங்கே வந்து தேங்கும். பிறகு முள்ளைப் பிடுங்கிய அதே மூச்சில் கம்பியைக் குத்தி, திரியின் வால் அரை அங்குலம் வெளியே நிற்கும்படி விட்டு, வெடுக்கென்று இழுத்துவிட வேண்டும். நிதானமாக இழுத்தால் திரியும் கூடவே வந்துவிடும்.

திரியும் காயும். இரண்டு வருஷம் பையில் கிடந்தது ஒருநாள் பழைய செருப்பு வார் மாதிரி வெளியே வந்தது, பிசினே இல்லை. அதிலிருந்து சின்ன ஜிப் கவரில் போட்டு, காற்றை அழுத்தி வெளியேற்றி மூடி வைக்கிறேன். தொட்டால் விரலில் ஒட்டுகிறதா என்று இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ஒரு பார்வை.

பஞ்சர் பேச்சு வந்தால் அண்ணன் ஒரு கதையை விடாமல் சொல்வார். 2013இல் உலக சாம்பியன்ஷிப் பீட்டர்மாரிட்ஸ்பர்கில் நடந்தது. டவுன்ஹில் என்ற மலையிறக்கப் பந்தயத்தில் உள்ளூர்க்காரர் கிரெக் மின்னார் கடைசிப் பகுதியில் பின் டயரில் காற்று போயும் அப்படியே ஓட்டி எல்லையைத் தொட்டார். ஜெயித்தது அரை நொடிகூட இல்லாத வித்தியாசத்தில். அண்ணன் அன்று அங்கே கூட்டத்தில் நின்றவர். “அவனுக்கு டயம் இல்ல தம்பி, உனக்கு இருக்கு. நில்லு, பாம் அடி” என்று முடிப்பார்.

பாம் பற்றி என் தீர்ப்பு: ஒன்று வேண்டும், ஒன்றையே நம்பக் கூடாது. என் 29 அங்குலப் பின் டயருக்கு 16 கிராம் குப்பி இருபது சொச்சம் பிஎஸ்ஐ வரைதான் ஏற்றும். வீடு வரை மெதுவாக உருட்ட அது போதும், பாறை மேல் குதிக்கப் போதாது. வெறும் கையால் பிடித்தால் குப்பி உறைந்து விரலில் ஒட்டும், அதனால் பழைய சாக்ஸ் துண்டு ஒன்றை மாட்டி வைத்திருக்கிறேன். அந்தக் குளிர் சில சீலன்ட்டைக் கட்டிதட்ட வைத்துவிடும், அதனால் வால்வைக் கீழே விட்டுக்கொண்டு அடிக்கக் கூடாது. இந்த வாயு ரப்பர் வழியாகக் காற்றைவிட வேகமாகக் கசியும். சாயங்காலம் கிண்ணென்று இருந்த டயர் காலையில் தொளதொளவென்று கிடந்தால் பயப்பட வேண்டாம், சாதாரணக் காற்றை அடித்துக்கொண்டால் சரி.

குப்பியோடு ஒரு கைப்பம்பும் உண்டு. மூன்றாம் வருஷம் அது அடிக்க அடிக்கப் பின்பக்கமாகவே மூச்சு விட ஆரம்பித்தது. ஊரில் பம்பின் தோல் வாஷர் காய்ந்தால் தேங்காய் எண்ணெய் விடுவோமே, அந்தப் பழக்கத்தில் கை எண்ணெய்ப் பாட்டிலுக்குப் போய்விட்டது. இதில் தோல் கிடையாது, சின்ன ரப்பர் வளையம். சிலிக்கான் கிரீஸ் ஒரு துளி தடவியதும் சரியானது. இன்றுவரை ஓடுகிறது.

இப்போது என்னைக் கவிழ்த்த சாமானுக்கு வருகிறேன். டியூப்.

மே மாதம் இங்கே சானி டூ சி என்று மூன்று நாள் சவாரி நடக்கும். டிராக்கன்ஸ்பர்க் மலையடிவாரத்தில் புறப்பட்டு ஸ்காட்பர்க் கடற்கரையில் முடியும். இரண்டாம் நாள் உம்கோமாஸ் பள்ளத்தாக்கில் விறுவிறுவென்று இறங்கிக்கொண்டிருந்தபோது ஒரு கூர்க்கல் டயரின் பக்கவாட்டைக் கிழித்துவிட்டது. கட்டைவிரல் நகம் நுழையும் அளவுக்குக் கிழிசல். பிளக் இரண்டு போட்டும் துப்பியது. சரி, டியூப் போட்டுவிடலாம். பிரேமில் வாரால் கட்டி மூன்று வருஷமாகச் சுமந்த டியூப், ஒருநாள்கூட அவிழ்த்ததில்லை. போட்டு பம்ப் அடித்தால் ஏறவே இல்லை. வெளியே இழுத்துப் பார்த்தேன். மடித்த மூலையில், வார் உரசிய இடத்தில், புழுதியும் அதிர்வும் சேர்ந்து உப்புத்தாள் மாதிரி தேய்த்து ஊசித் துளை போட்டிருந்தன. ஒருமுறைகூட ஓடாத டியூபில் பஞ்சர்!

ஒட்டலாம் என்று பஞ்சர் பெட்டியைத் திறந்தால் சொல்யூஷன் டியூப் காய்ந்து வெறும் தகரமாகக் கிடந்தது. அதை ஒரே ஒரு தடவைதான் திறந்திருந்தேன், அது போதும் அதற்கு. பின்னால் வந்த ஒரு பெண்மணி தன் டியூபைக் கொடுத்துவிட்டு, பெயர்கூடச் சொல்லாமல் போய்விட்டார். கிழிசல் வழியாக டியூப் பிதுங்காமல் இருக்க உள்ளே ஏதாவது வைக்க வேண்டும். பர்சில் பத்து ராண்டு நோட்டு ஒன்று இருந்தது. நாலாக மடித்தால் காண்டாமிருகம் மேலே வந்தது. அதை வைத்துக் காற்றடித்து மீதி நாளை ஓட்டி முடித்தேன். ராத்திரி பிரித்துப் பார்த்தபோது காண்டாமிருகத்தின் கொம்பு தேய்ந்திருந்தது, மற்றபடி செல்லக்கூடிய நோட்டுதான்.

இப்போது பழைய டயரின் பக்கச்சுவரில் தீப்பெட்டி அளவுக்கு வெட்டிய துண்டு ஒன்று பையில் இருக்கிறது. சொல்யூஷனைத் திறந்தால் வீட்டுக்கு வந்ததும் தூக்கிப் போட்டுவிட்டுப் புதுசு வைக்கிறேன். டியூப் இப்போது டிபியு என்ற மெல்லிய பிளாஸ்டிக் ரகம், பழைய பியூட்டைல் ரப்பர் டியூபின் எடையில் பாதிகூட இல்லை. அதை ஒரு பழைய சாக்ஸுக்குள் போட்டு, வெளியே இன்சுலேஷன் டேப் ஒட்டி, அதன் மேல் மாதத்தையும் வருஷத்தையும் மார்க்கரால் எழுதி வைத்திருக்கிறேன். இந்த ரகத்தை வாங்குகிறவர்களுக்கு இரண்டு விஷயம். டயருக்கு வெளியே வைத்துக் காற்றடித்துப் பார்க்காதீர்கள், நீண்டது மறுபடி சுருங்காது. சாதாரணப் பஞ்சர் ஒட்டு அதில் பிடிக்காது, அதற்கென்று தனி ஒட்டு வேண்டும்.

செயின் கதை வேறு மாதிரி. 2019இல் என் பழைய சைக்கிள் பதினொரு கியர். அதற்காக, அறுந்த செயினைக் கோத்துப் பூட்டும் செயின் இணைப்பு இரண்டு ஜோடி வாங்கிப் பையின் மூலையில் போட்டிருந்தேன். 2022இல் பன்னிரண்டு கியர் சைக்கிளுக்கு மாறினேன். பை மட்டும் அதே பை. கார்க்லூஃப் ஏற்றத்தில் செயின் அறுந்தபோது, உடைந்த கண்ணியைச் செயின் கட்டரால் எடுத்துவிட்டு இணைப்பைக் கோத்தால் லொடலொடவென்று ஆடுகிறது. பன்னிரண்டு கியர் செயின் இன்னும் ஒல்லி, அதற்கு அதற்கான இணைப்புதான் பூட்டும். நாலு கிலோமீட்டர் தள்ளிக்கொண்டே வந்தேன். அண்ணன் தன் பக்கியில், அதாவது பிக்கப் வண்டியில், வந்து ஏற்றிக்கொண்டார். வழி நெடுக ஒன்றும் கேட்கவில்லை. வீட்டு வாசலில் இறக்கிவிடும்போது, “எண்ண வருமா தம்பி உனக்கு?” என்றார்.

பின் கியரைத் தாங்கும் ஹேங்கர், அடுத்தது. இது வளைவதற்கென்றே செய்த துண்டு, பிரேமைக் காப்பாற்ற இது சாகும். முன்பெல்லாம் ஒவ்வொரு சைக்கிளுக்கும் ஒவ்வொரு அச்சு, கடை கடையாக ஏற வேண்டும். 2019இல் ஸ்ராம் என்ற சைக்கிள் பாகக் கம்பெனி கொண்டுவந்த பொது ஹேங்கர் இப்போது பல புது சைக்கிளில் இருக்கிறது, என் சைக்கிளிலும்தான். கிபாவில் ஒரு குச்சி சக்கரத்தில் சிக்கி அது முறிந்தது. மாற்று ஹேங்கர் கையில் இருந்தும் கால் மணி நேரம் மல்லுக்கட்டினேன். அதன் போல்ட் இடது மரை! கழற்றுவதாக நினைத்து இறுக்கிக்கொண்டே இருந்திருக்கிறேன். அதற்கு 8 எம்எம் ஆலன் கீ வேறு வேண்டும். மடக்குக் கருவிகளில் பெரும்பாலும் 8 எம்எம் என்பது 6 எம்எம் மேல் மாட்டும் ஒரு சின்ன உறை. அது எங்கேயாவது கழன்று விழுந்திருந்தால் ஹேங்கர் இருந்தும் பயனில்லை. வீட்டில் ஒருமுறை கழற்றி மாட்டிப் பார்த்துவிட்டுப் பையில் போடுங்கள்.

மடக்குக் கருவி இது எனக்கு இரண்டாவது. முதலாவது டர்பன் ஈரத்திலும் என் வியர்வையிலும் துருவேறி, 5 எம்எம் தண்டு மடிப்பிலிருந்து வெளியே வர மறுத்தது. அதில் ஸ்போக் சாவி, பாட்டில் திறப்பான் என்று பதினெட்டு சமாச்சாரம். நான் தொட்டது 4, 5, 6 எம்எம் ஆலன் கீ, நட்சத்திர முனை டி25, செயின் கட்டர். அவ்வளவுதான். இப்போதிருப்பது சின்னது, மழைக்குப் பிறகு துடைத்து ஒரு சொட்டு எண்ணெய்.

மற்றவை சட்டென்று: கேபிள் டை நாலு. பம்பைச் சுற்றி இரண்டு முழம் டேப், தனி உருளை வேண்டாம். வால்வு கோர் ஒன்று, சீலன்ட் காய்ந்து அடைத்தால் மாற்ற. ஊரில் எட்டணாவுக்கு வால்வு டியூப் வாங்கிப் பாக்கெட்டில் வைத்திருப்போமே, அதன் பேரன் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஷூவைப் பெடலில் பூட்டும் கிளீட்டுக்கு ஒரு போல்ட். பிரேக் பேட் ஒரு ஜோடி, நவம்பரிலிருந்து மார்ச் வரை மட்டும். அந்த மழைச் சேற்றில் பேட் கண்ணெதிரே கரைகிறது, குளிர்காலத்தில் அது வெறும் சுமை. ஒரு விசில். டயர் லீவர் ஒன்றே போதும், டியூப்லெஸ் டயரை முக்கால்வாசி கையாலேயே கழற்றலாம்.

அந்தப் பதினொரு கியர் இணைப்புகளைத் தூக்கிப் போட மனசு வராமல் அண்ணனிடம் கொடுத்தேன். அவர் சைக்கிள் இன்றும் பதினொன்றுதான், “போதும் தம்பி, ரெண்டு கால்தானே” என்பார். சீட்டுக்கு அடியில் டேப் போட்டு ஒட்டிவைத்தார். போன மாதம் கிபாவில் அவர் செயின் அறுந்தது. டேப்பை உரித்து, கோத்து, இணைப்பை மேல்பக்கம் கொண்டுவந்து, பின் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு பெடலை ஒரு மிதி மிதித்தார். ‘டக்’ என்று பூட்டிக்கொண்டது. அன்று மத்தியானம் குவார்ட்டர் மட்டன் ‘பன்னி’ (கால் ரொட்டியைக் குடைந்து கறிக்குழம்பு ஊற்றிய டர்பன் சாப்பாடு) அவர் கணக்கு.