எண்டர்பிரைஸ்-ஏ: புதுக் கப்பலா, பேர் மாற்றிய யார்க்டவுனா?

ஸ்டார் ட்ரெக் என்ற விண்வெளிக் கதைத் தொடரின் மூன்றாம் படத்தில் (1984) நாயகன் கிர்க் தன் விண்கப்பலான எண்டர்பிரைஸைத் தானே வெடிக்க வைக்கிறார். நான்காம் படத்தின் (1986) கடைசியில் அதே அச்சில், அதே பேரில் இன்னொரு கப்பல் தயாராக நிற்கிறது. கப்பலின் பதிவு எண்ணோடு ஓர் 'ஏ' மட்டும் கூடுதல். நடுவே கதைப்படி சில மாதங்கள்தான். அது எங்கிருந்து வந்தது என்று படம் சொல்லவில்லை.

புதுக் கப்பல் என்பவர்களின் பெரிய ஆதாரம் ஐந்தாம் படம் (1989). பாதிக் கதவுகள் திறக்கவில்லை, இந்தப் புதுக் கப்பலைக் குரங்குகள்தான் கட்டியிருக்க வேண்டும் என்று கப்பலின் தலைமைப் பொறியாளர் ஸ்காட்டியே அறிக்கையில் பொரிந்து தள்ளுகிறார். வலுவான சாட்சிதான். ஆனால் ஆறாம் படத்தில் (1991) இதே கப்பலுக்கு ஓய்வு உத்தரவு வருகிறது. கதையில் ஏழே வருடம்! பழைய எண்டர்பிரைஸ் 40 வருடம் உழைத்தது.

1987இல் வந்த ஒரு கையேடு 'டி-ஹோ' என்ற கப்பலுக்குப் பேர் மாற்றினார்கள் என்றது. திரையில் தடயமே இல்லாததால் என்னால் ஏற்க முடியவில்லை.

எனக்குப் பிடித்தது, யார்க்டவுன் என்ற கப்பலுக்குப் பேர் மாற்றினார்கள் என்பதுதான். தொடரை உருவாக்கிய ராடன்பெரியே சொன்ன யோசனை இது. 1964இல் அவர் எழுதிய முதல் கதைக்குறிப்பில் நாயகனின் கப்பலுக்கே யார்க்டவுன் என்றுதான் பேர். நான்காம் படத்தில் வேற்றுக்கோள் கலத்தால் மின்சக்தி இழந்து தவிக்கும் யார்க்டவுன் கப்பலின் கேப்டன் யார் தெரியுமா? நம் சென்னை டென்னிஸ் வீரர் விஜய் அம்ரித்ராஜ்! சூரிய ஒளிப் பாய்மரம் ஒன்றைக் கட்டி உயிர் பிழைக்கப் பார்க்கிறோம் என்று அவர் தகவல் அனுப்பும் காட்சி சில நொடிதான், மறக்கவே முடியாது. அப்படி அடிபட்ட பழைய கப்பலைப் பழுதுபார்த்துப் பேர் மாற்றினால் ஐந்தாம் படத்துக் கோளாறு, ஆறாம் படத்து ஓய்வு இரண்டுக்குமே காரணம் கிடைக்கிறது. 'புது' என்று ஸ்காட்டி சொன்னது, தன் கைக்குப் புதிது என்ற பொருளில் இருக்கலாம்.

எதிர்வாதம் ஒன்று உண்டு: ஆட்கள் இருக்கும் கப்பலின் பேரைப் பறிக்கலாமா? அமெரிக்கக் கடற்படையும் 1942இல் இப்படிச் செய்தது: மிட்வே கடற்போரில் யார்க்டவுன் என்ற விமானந்தாங்கிக் கப்பல் மூழ்கியதும், கட்டுமானத்தில் இருந்த பான் ஓம் ரிச்சர்டு என்ற கப்பலுக்கு அந்தப் பேரை வைத்தார்கள். ஆனால் அதில் அதுவரை யாரும் பயணித்ததில்லை. அம்ரித்ராஜின் ஆட்களோ தங்கள் கப்பலின் பேரை இழக்கிறார்கள். அந்த வேற்றுக்கோள் கலம் விலகியதும் அவர்கள் உயிரோடு கரையேறி, யார்க்டவுன் என்ற பேரிலேயே வேறொரு கப்பல் பெற்றிருப்பார்கள் என்றே நான் நம்புகிறேன்.