கிணற்றுத் தண்ணீருக்கு நைட்ரேட் பட்டை: எதுவரை நம்பலாம்?

ஈரோட்டுப் பக்கம் கீழ்பவானி ஆயக்கட்டிலும் காளிங்கராயன் வாய்க்கால் ஓரத்திலும் தோட்டத்துச் சாளையில் குடியிருக்கும் பலரிடம் டி.டி.எஸ். பேனா இருக்கிறது. அது மொத்த உப்பைத்தான் சொல்லும். 400 காட்டுகிற கிணற்றில் நைட்ரேட் லிட்டருக்கு 80 மி.கி. இருக்கலாம், 1,200 காட்டுகிற போர்வெல்லில் 10 கூடத் தேறாமல் போகலாம். நைட்ரேட் நாக்குக்கும் தெரியாது, கொதிக்க வைத்தாலும் போகாது. தண்ணீர் சுண்டச் சுண்ட அடர்த்தி கூடத்தான் செய்யும். டப்பியில் வரும் நைட்ரேட் சோதனைப் பட்டைக்கு இங்கே வேலை இருக்கிறது.

பட்டை நுனியில் உள்ள மருந்து நைட்ரேட்டை நைட்ரைட்டாக மாற்றி இளஞ்சிவப்பாக நிறமேறும். மோட்டாரைப் பத்து நிமிடம் ஓடவிட்டுத் தண்ணீர் பிடியுங்கள். ஒரு விநாடி முக்கி, உதறி, டப்பியில் அச்சிட்டிருக்கும் நேரம் வரை (பெரும்பாலும் 60 விநாடி) காத்திருந்து, நிழலில் டப்பியோடு வரும் நிற அட்டையோடு வைத்துப் பாருங்கள். நேரம் தாண்ட விட்டுவிட்டால் நிறம் ஏறிக்கொண்டே போகும். பக்கத்திலுள்ள நைட்ரைட் கட்டமும் சிவந்தால் நைட்ரேட் அளவு கூடுதலாகக் காட்டுகிறது என்று அர்த்தம்.

பெரிய குறை அட்டையில்தான். பெரும்பாலும் 25-க்கு அடுத்த கட்டம் 50. நம் குடிநீர்த் தரத்தின் வரம்பு லிட்டருக்கு 45 மி.கி., அது இரண்டுக்கும் இடையில் விழுகிறது. இன்னொரு கண்ணி: சில டப்பிகள் நைட்ரேட்டாகச் சொல்லாமல் அதிலுள்ள நைட்ரஜனாகச் சொல்லும். அந்த அட்டையில் 10 என்றால் நம் கணக்கில் 44. 4.43-ஆல் பெருக்க மறந்தால் கெட்ட தண்ணீர் நல்ல தண்ணீர் ஆகிவிடும்!

பட்டை சரியா என்று பார்க்கச் சொட்டுநீர்க்காரர்கள் வைத்திருக்கும் 13-0-45 (பொட்டாசியம் நைட்ரேட்) உரமே போதும். 1 கிராமை 1 லிட்டர் பேட்டரித் தண்ணீரில் கரைத்து, அதில் 10 மி.லி. எடுத்து 90 மி.லி. பேட்டரித் தண்ணீரோடு கலந்தால் ஏறத்தாழ 58 மி.கி. நைட்ரேட். பட்டை 50-ஐ ஒட்டி நிற்க வேண்டும். வெறும் பேட்டரித் தண்ணீரில் வெள்ளையாகவே இருக்க வேண்டும். இரண்டில் ஒன்று தவறினாலும் டப்பி வீண்.

எப்போது பார்ப்பது என்பதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். யூரியா போட்ட மறுநாள் சோதித்துப் பயனில்லை. மண்ணில் நைட்ரேட்டாக மாறச் சில நாள் ஆகும். மாறியபின் மண் அதைப் பிடித்து வைக்காது. மேலுரம் போட்டு மடை திறந்து தேங்கத் தேங்கப் பாய்ச்சினால், செம்மண்ணில் வேரைத் தாண்டிப் பாறை இடுக்கு வழியாகக் கிணற்றுக்கே வந்துவிடும். தண்ணீர் நிற்கும் நெல்வயலைவிட, காய்ந்து நனைந்து வரும் மஞ்சள், வாழைத் தோட்டங்களுக்குக் கீழே இது அதிகம். நெல்வயலின் காற்றில்லாச் சேற்றில் நைட்ரேட்டில் ஒரு பங்கு வாயுவாகிப் போய்விடும். வாய்க்காலில் தண்ணீர் ஓடும்போது கசிவுநீர் கலந்து ஓரத்துக் கிணறுகளில் அளவு குறைந்து காட்டும், அதை நம்பிவிடக் கூடாது. தண்ணீர் திறப்பதற்கு முன் ஒரு முறை, நிறுத்தி ஒரு மாதம் கழித்து ஒரு முறை, கோடையில் கிணறு இறங்கியபின் ஒரு முறை. கடைமடைப் பக்கம் கோடை அளவுதான் முக்கியம். அங்கே கசிந்த தண்ணீரையே திரும்ப இறைத்துப் பாய்ச்சுவதால் உப்பும் சேர்ந்தே ஏறும்.

கிணற்றை ஒட்டி மாட்டுக் கட்டுத்தரையோ கக்கூஸ் குழியோ இருந்தால் உரத்தின் மேல் பழி போடாதீர்கள், பட்டைக்கு வித்தியாசம் தெரியாது. பூச்சிமருந்து, ஃபுளோரைடு, கடினத்தன்மை எதையும் இது சொல்லாது.

25-க்குக் கீழே என்றால் நிம்மதியாக அடுத்த பருவம் பார்க்கலாம். 25-க்கும் 50-க்கும் இடையே தெரிந்தாலோ 50-ஐத் தொட்டாலோ குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்தில் கொடுத்துவிடுங்கள். ஆறு மாதத்துக்குள் கைக்குழந்தை இருக்கும் வீட்டில் முடிவு வரும்வரை அந்தத் தண்ணீரில் பால் கலக்கவே வேண்டாம்.

வாங்குபவர்கள் 25 பட்டைகள் மட்டும் உள்ள சின்ன டப்பியே வாங்குங்கள். மூடியைத் திறந்ததிலிருந்து ஈரம் தின்ன ஆரம்பித்துவிடும், ஐப்பசி மழையில் இன்னும் வேகமாக. ஈரக்கையால் எடுக்காதீர்கள்; நனைக்காத பட்டையின் நுனி லேசாகச் சிவந்திருந்தால் குப்பையில் போடுங்கள்.