ஆப்கான் ஹவுண்டும் நம்மூர் மழையும்: ஆறு வருட அனுபவம்

மல்லி வந்து ஆறு வருடம் ஆகிறது. ஆப்கான் ஹவுண்ட் என்ற நீள முடி நாய், பெண், எடை 23 கிலோ. எங்கள் வீடு குமரி மாவட்டத்தில் தக்கலைப் பக்கம், சுற்றிலும் ரப்பர். முதல் நாள் பக்கத்து வீட்டு அம்மச்சி, "மக்கா, இது பட்டியா, கன்னுக்குட்டியா?" என்று கேட்டார். பட்டி என்றால் எங்கள் பக்கம் நாய்.

வாங்கும்போது எல்லோரும் வெயிலைச் சொல்லித்தான் பயமுறுத்தினார்கள். வெயில் பெரிய தொந்தரவாக இருந்ததே இல்லை. விடியலிலும் அந்தியிலும் நடை, பகலில் ஃபேனுக்கு அடியில் வெறுந்தரையில் தூக்கம். எங்களைப் படுத்தியது ஈரம்தான். குளிர்ந்த, வறண்ட மலைநாட்டு நாய் இது. இங்கே ஜூனில் தொடங்கும் மழை ஓய்வதற்குள் ஐப்பசி மழை வந்துவிடும்.

முதல் ஜூனில் குளிப்பாட்டி, மேலாகத் துடைத்து விட்டுவிட்டேன். மூன்றாம் நாள் காதுக்குப் பின்னால் ஒரே சிக்கு. அதன் அடியில் தோல் சிவந்து நீர் கசிந்தது. அந்த இடத்தை மழித்துத்தான் மருந்து போட முடிந்தது. பாவம், இரண்டு வாரம் தலையைச் சாய்த்தே நடந்தாள்.

அதிலிருந்து ஒரே முறைதான். குளிக்கும் முன்பே சிக்கெடுப்பேன். சிக்கோடு நனைத்தால் அது கம்பளிபோல் இறுகிவிடும். காய்ந்த முடியில் சீப்பு வைத்தால் அறுந்துவிடும் என்பதால் முதலில் கண்டிஷனர் கலந்த தண்ணீரைத் தெளிப்பேன். வகிடு எடுப்பதுபோல் முடியை அடுக்கடுக்காகப் பிரித்து, அடித்தோல் தெரியும்வரை சீவுவேன். குளித்த பிறகு பிழியத் துடைத்து, டிரையரை அதிகச் சூடில்லாமல் வைத்து வேர்வரை காய வைப்பேன். எல்லாமாக மூன்று மணி நேரம், வாரம் ஒருமுறை. ஒரு வயதுக்கு மேல் குட்டி முடி மாறும் பருவத்தில் தினமும் சிக்கு விழுந்தது. அப்போது முதுகில் நீள முடி உதிர்ந்து குட்டை முடி வந்ததைப் பார்த்து நோய் என்று அலறிவிட்டேன். அது இந்த இனத்தின் இயல்பு.

மழையில் ரப்பர் தோட்டத்துக்குக் கூட்டிப் போனால் விரலிடுக்கில் அட்டை, வயிற்று முடியில் ஒட்டுப்புல். உண்ணியும் தேட வேண்டும். சாப்பிடும்போது காது தட்டில் விழும், அதனால் தலையில் துணி உறை. அவித்த சாளை (மத்தி) மீன் என்றால் உயிர்.

கண்ணால் கண்டு துரத்தும் வேட்டை நாய் இது. ஒருமுறை மயிலைப் பார்த்து ஓடியவள் கூப்பிட்ட குரலுக்குத் திரும்பவே இல்லை. அப்புறம் கயிறில்லாமல் வெளியே விட்டதில்லை. நண்பரின் மதில் கட்டிய தென்னந்தோப்பில் மட்டும் அவிழ்த்து விடுவோம். அவள் ஓடுவதைப் பார்த்தால் அந்த மூன்று மணி நேரமும் மறந்துவிடும்.

இன்னொன்றை அவசியம் சொல்ல வேண்டும்: மயக்க மருந்து. இந்த வகை நாய்களுக்கு உடலில் கொழுப்பு குறைவு. தயோபென்டோன் கொடுத்தால் தெளிய வெகு நேரமாகும், ஆபத்தும் உண்டு. கருத்தடை அறுவைக்கு முன்பு மருத்துவரிடம் இதைச் சொன்னேன். வேறு மருந்து கொடுத்தார்.

நான்காம் வருடம் மே கடைசியில் முடியை இரண்டு விரல் நீளத்துக்குக் கத்தரித்தேன். அழகு போய்விட்டதென்று வீட்டில் சண்டை. ஆனால் அந்த மழைக்காலம் முழுக்க ஒரு புண் வரவில்லை. இப்போது ஒவ்வொரு மே மாதமும் கத்தரிதான். தை பிறக்கும்போது காதில் மறுபடியும் பட்டு தொங்கும்.